சூலியா தெருவில் லண்டன் மழை

வியாழக்கிழமை, காலை.

சாதிக்கின் நாணய மாற்றுக் கடைக்குள் தண்ணீர் சொட்டியது. வெளியே பினாங்கின் சூலியா தெருவில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த தாய்லாந்து நோட்டுக்கட்டின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. சாதிக் பதறிப்போய் நோட்டுகளை நகர்த்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். மாடிப் பலகையில் பெரிய பாய் அளவுக்கு ஈரம்.

மாடியில் குடியிருந்தவர் தேவகுமார். லண்டன் கம்பெனி ஒன்றுக்கு அறையிலிருந்தபடியே கணினி வேலை பார்ப்பவர். அந்த மாடிக்கு நல்ல பெயர் கிடையாது. பேய் நடமாடுகிறது என்று சொல்லி, வந்தவர்கள் எல்லாம் சீக்கிரமே மூட்டை கட்டிவிடுவார்கள். பேய்க் கதையைக் கேட்டு முகம் மலர்ந்து, அப்படியென்றால் வாடகையைக் குறையுங்கள் என்று கேட்ட ஒரே ஆள் தேவகுமார்தான்.

சாதிக் படியேறிப் போய்க் கதவைத் தட்டினார். பதில் இல்லை. உள்ளே கைப்பேசி மட்டும் ஒரு தடவை ஒலித்து அடங்கியது. அவர் மாற்றுச் சாவியைப் போட்டுத் திறந்தார். திறந்த வேகத்திலேயே திரும்பி ஓடிவந்து போலீசைக் கூப்பிட்டார்.

இன்ஸ்பெக்டர் ஜெகதீஸ்வரி உள்ளே நுழைந்தபோது அந்த அறையின் குளிர் அவர் எலும்பைத் தொட்டது. ஏர்கோன் முழுக் குளிரில் ஓடிக்கொண்டிருந்தது. தேவகுமார் தரையில் மல்லாந்து கிடந்தார். தடித்த கம்பளிச் சட்டை போட்டிருந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. யாராலும் நகர்த்த முடியாமல் பல காலமாக அறையிலேயே கிடக்கும் பழைய இரும்புப் பெட்டியின் மூலையில் ரத்தம் காய்ந்திருந்தது.

ஆனால் ஜெகதீஸ்வரியை நிற்க வைத்தது பிணம் இல்லை. மேசைக்குப் பின்னால் சுவரை மூடி இழுத்துக் கட்டியிருந்த துணி. அதில் ஒரு ஜன்னல் அச்சிடப்பட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிற வானம், செங்கல் வீடுகள், கண்ணாடியில் வழியும் மழைத்துளிகள். ஏர்கோன் காற்றில் துணி லேசாக அசைந்தபோது, யாரோ அந்தப் பக்கம் கடந்து போவது போலிருந்தது.

"மேடம், இது என்ன கூத்து?" என்றார் சார்ஜன் ஹைதர்.

"லண்டன், ஹைதர். ஆபீஸ்காரங்க வீடியோ கால்ல பாக்கறதுக்கு. அதுக்குத்தான் கம்பளிச் சட்டை. அத போட்டுக்கிட்டு பினாங்குல உக்கார முடியுமா? அதனால ஏர்கோன்."

"ரெண்டு வருஷமா இப்படித்தான் மேடம்," என்றார் வாசலுக்கு வெளியிலிருந்தே சாதிக். உள்ளே வர அவருக்குத் தைரியம் இல்லை. "எப்பவும் ஃபுல் கூல்தான். இந்த வாரம் நிறுத்தவே இல்ல போல, அதான் ஒழுகிருச்சு. மேல ஆள் நடக்கற சத்தம் கேக்கல. போன் மட்டும் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. நான் பயந்துட்டேன்லா."

கதவுப் பூட்டு சாதாரணமானது. வெளியே போகிறவர் இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். எதுவும் திருட்டுப் போகவில்லை. எவரோ தள்ளியிருக்கிறார், இவர் விழுந்திருக்கிறார், அவர் கதவைச் சாத்திக்கொண்டு போயிருக்கிறார். எப்போது என்பதுதான் கேள்வி. இந்தக் குளிரில் கிடந்த உடம்பை வைத்துத் திங்கட்கிழமை என்றும் சொல்லலாம், புதன்கிழமை என்றும் சொல்லலாம் என்று கைவிரித்துவிட்டார் டாக்டர்.

படியிறங்கும்போது ஹைதர் பேச்சை மாற்றினார். "நேத்து தைப்பூச டியூட்டில மேடத்த தண்ணீர்மலை மேல கோயில்ல காணோமே?"

"எங்க வீட்டுக்காரரோட பெரியப்பா தவறி ஒரு வாரம்தான் ஆவுது. தீட்டு. கீழேயே ரோட்டுல நின்னுட்டேன். தேர் வந்தப்பகூட தள்ளிப் போய் நின்னுக்கிட்டேன்."

ஹைதர் தலையாட்டினார். வீட்டில் மரணம் நடந்தால் இந்துக்கள் கோயில் பக்கம் போகமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரிந்ததுதான்.

அன்று நண்பகல்.

லண்டன் கம்பெனி அதிகாரியை, அங்கே விடியுமுன்பே எழுப்பி, தொலைபேசியில் பிடிக்க முடிந்தது. தேவகுமார் லண்டனில் இல்லை என்பதே அவருக்கு இப்போதுதான் தெரியும். அதைவிட அவரைக் குழப்பியது வேறொன்று. செவ்வாய், புதன் இரண்டு நாளும் தேவகுமார் வேலையை முடித்து அனுப்பியிருக்கிறார். கேட்ட கேள்விக்கெல்லாம் எழுத்தில் பதில் சொல்லியிருக்கிறார். வேலையில் ஒரு பிழைகூட இல்லை.

"அப்ப புதன் வரைக்கும் உயிரோட இருந்திருக்காரு," என்றார் ஹைதர். "புதன்கிழமை மத்தியானம் ஒரு பொம்பள மேல ஏறிப் போனாங்க, கதவத் தட்டிக் கத்துனாங்க, அழுதுக்கிட்டே இறங்குனாங்கன்னு சாதிக் பாய் சொல்றாரு. மனைவியாம். கேஸ் முடிஞ்சிருச்சு மேடம்."

தேவகுமாரின் மனைவி துஷ்யந்தி இரண்டு தெரு தள்ளி ஒரு ஓட்டலில் தங்கியிருந்தாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் வளர்ந்தவள். அங்கே மருத்துவமனையில் தாதியாக வேலை. செவ்வாய்க்கிழமை நள்ளிரவு விமானத்தில் வந்து இறங்கியிருக்கிறாள். செய்தியைக் கேட்டதும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். ஜெகதீஸ்வரி காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் ஏன் இங்க வந்து ஒளிஞ்சிருந்தாரு?"

"ஒளியேல்லை. லண்டனில ரெண்டு பேற்ற சம்பளமும் வாடகைக்கே போச்சு. ஒரு அறைக்குள்ள மூண்டு பேர். 'நான் ஊருக்குப் போய் இருந்து வேலை செய்யிறன், சம்பளம் லண்டன் சம்பளம், சாப்பாடு பினாங்குச் சாப்பாடு, ஒரு வருசத்தில ஒரு வீடு பாப்பம்' எண்டார். கம்பெனிக்குத் தெரிஞ்சா சம்பளத்தைக் குறைச்சுப் போடுவினம் எண்டு அந்த ஜன்னல் துணியை வாங்கினவர். ஒரு வருசம் ரெண்டாப் போச்சு."

"பிள்ளை?"

"ஏழு வயசு. அவர் வேற வேலை இடத்தில, லண்டனிலதான் இருக்கிறார் எண்டு அவளுக்குச் சொல்லியிருந்தம். 'இஞ்ச மழை இல்லை, அப்பாட ஜன்னலில மட்டும் ஏனம்மா எப்பவும் மழை?' எண்டு கேப்பாள். அதுக்குப் பிறகு என்னால ஏலாமப் போட்டுது. அவரைக் கூட்டிக்கொண்டு போறதெண்டுதான் வந்தனான்."

அவள் கைப்பேசியை நீட்டினாள். திங்கட்கிழமை அவள் லண்டன் விமான நிலையத்தில் இருந்தபோது வந்த செய்தி: 'சரி. உன்கூடவே வந்துடறேன். ரெண்டு டிக்கெட்டா போடு.' அப்போது பினாங்கில் சாயங்காலம்.

அதற்குக் கீழே, புதன்கிழமை மதியத்துச் செய்தி: 'வேலையா இருக்கேன். நான் வரல. நீ திரும்பிப் போ.'

"கதவுக்கு வெளியில நிண்டுதான் எழுதினன்," என்றாள் துஷ்யந்தி. "நான் எழுத எழுத உள்ளுக்க அவற்ற போன் சத்தம் கேட்டது. உடன பதில் என்ர கையில வந்தது. அவர் கதவுக்கு அங்கால நிண்டு எழுதுறார் எண்டு நினைச்சு, கதவில கையை வச்சுக்கொண்டு நிண்டன். ஒரு காலடிச் சத்தம்கூட இல்லை. ஒரு மனுசன் இவ்வளவு அமைதியா எப்பிடி இருக்கலாம் எண்டு நினைச்சன்."

ஜெகதீஸ்வரிக்கு மறுபடி அந்த அறையின் குளிர் முதுகில் ஊர்ந்தது.

"நாளைக்கு உங்களக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகவேண்டி வரும். தடுப்புக் காவல் கேப்போம். உங்களுக்குப் புரியுதா?"

"என்னை அடைச்சு வையுங்கோ. ஆனா திங்கள் வாறன் எண்ட மனுசன் புதன் ஏன் மாட்டன் எண்டார்? அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ. அப்பா எங்களை வேண்டாம் எண்டுதான் செத்துப்போனவர் எண்டு நான் பிள்ளைக்குச் சொல்லேலாது."

வாசலில் ஹைதர் அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கி உறையில் போட்டார். அவருக்கு இதெல்லாம் நல்ல நடிப்பாகப் பட்டது. கம்பெனிக்கு அனுப்பிய வேலையை ஒரு தாதி எப்படிச் செய்திருப்பாள் என்று ஜெகதீஸ்வரி கேட்டதற்கு, "அதத்தான் மேடம் நானும் சொல்றேன், அவரே செஞ்சாரு, அப்புறம் செத்தாரு," என்றார். மறுக்க வழியில்லாத பதில்தான். கணினியைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டிய பிரிவு ஒரு வாரமாவது ஆகும் என்று சொல்லிவிட்டது.

அன்று பிற்பகல்.

தீவின் பாலத்தைக் கடந்து, மறுகரையிலிருந்த தாசேக் கெலுகோருக்குப் போனார்கள். பெற்றோர் இறந்துவிட, தேவகுமாருக்கு இங்கே எஞ்சியிருந்த ஒரே சொந்தமான தம்பி கோகுலன் அங்கே ஒரு வரிசை வீட்டில் தனியாக இருந்தான். வாசல் முன்பகுதியில் காரை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஒரு காவடி நின்றது. மயிலிறகுகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தன. பக்கத்தில் வாய் கட்டிய ஒரு சாக்கு. ஓட்டை வழியே தேங்காய்க் குடுமிகள் தெரிந்தன.

கோகுலன் அழுது கண் சிவந்திருந்தான். தாடையும் கன்னமும் மட்டும் வெளுத்துத் தெரிந்தன. நாள் கணக்கில் வளர்த்த தாடியை இப்போதுதான் எடுத்திருக்கிறான்.

"என்ன வேல பாக்கறீங்க தம்பி?"

"கம்ப்யூட்டர் வேல மேடம். வீட்ல இருந்தே. வர்ற வேலய செஞ்சு குடுப்பேன்."

"அண்ணன கடைசியா எப்ப பாத்தீங்க?"

"போன வாரம். ஞாயித்துக்கெழம போன்ல பேசுனேன்."

"செவ்வாய், புதன்?"

"தண்ணீர்மல ரோட்டுல, தண்ணீர்ப் பந்தல்ல. கார்த்திகேசு அண்ணன் பந்தல். காலையில போனா சாயங்காலம்தான் வருவேன். யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"காவடி இங்கயே நிக்குதே?"

கோகுலன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. "கால் சுளுக்கிருச்சு மேடம். விரதம் எல்லாம் இருந்தேன். பதினாலு வருஷமா எடுக்கறேன், இந்த வருஷம்தான் முடியாம போச்சு."

"அண்ணி மேல உங்களுக்குச் சந்தேகம் இருக்கா?"

"அண்ணி நல்லவங்கதான். ஆனா கோவக்காரங்க," என்றான். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அந்த அழுகை பொய் இல்லை என்பது ஜெகதீஸ்வரிக்குத் தெரிந்தது. அதுதான் அவரைக் குழப்பியது.

திரும்பும் வழியில் தண்ணீர்மலை ரோட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னார். திருவிழா முடிந்த தெரு அலுத்துக் கிடந்தது. சாலையோரம் உடைந்த தேங்காய்கள் மலை போல் குவிந்து புளித்த வாடை வீசின. கார்த்திகேசு, அறுபதைத் தொட்ட கனத்த மனிதர், ஆட்களை வைத்துப் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்.

"கோகுலனா? தங்கமான பையன்மா. ரெண்டு நாளும் இங்கதான் இருந்தான். பக்தருங்களுக்குக் குடுக்கற சிராப் தண்ணி அண்டாவ தனியாளா தூக்கிக்கிட்டு ஓடுவான்."

"காலுக்கு என்ன?"

"காலா? காலுக்கு ஒண்ணும் இல்லையே. இந்த வருஷம் காவடி எடுக்கலன்னு செவ்வாய்க்கிழமை காலையில உறுமி மேளக்காரங்களுக்குப் போன் பண்ணிட்டான். வேல டென்ஷன்னு நெனச்சேன். அப்பப்ப போன நோண்டிக்கிட்டேதான் இருந்தான்."

"தேர் வந்தப்ப?"

கார்த்திகேசு யோசித்தார். "நல்லா கேட்டிங்க. தேர் பந்தல் முன்னாடி நின்னப்ப அர்ச்சனத் தட்டு குடுக்க அவனத் தேடுனேன். பின்னாடி போய் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தான். வருஷா வருஷம் தேருக்கு முன்னால நூத்தியெட்டுத் தேங்கா உடைக்கிற ஆளுமா அவன்! சாக்க இங்க கொண்டாந்து வச்சது போன வாரமே. அத அப்படியே திரும்பக் காடில ஏத்திட்டுப் போயிட்டான்."

ஜெகதீஸ்வரி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. வண்டியில் ஏறிப் பாலம் இருந்த திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை, காலை.

உடலைப் பெற்றுக்கொள்ளக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கோகுலனை நிலையத்துக்கு வரவழைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை எடுத்தான்.

"அத அப்புறம் போடலாம் தம்பி," என்றார் ஜெகதீஸ்வரி. "மொதல்ல ஒரு விஷயம். கால் சுளுக்குனா காவடி எடுக்க முடியாது. சரி. தேங்கா உடைக்க கை போதுமே?"

கோகுலன் பேனாவை மேசையில் வைத்தான்.

"சுளுக்குன காலோட அண்டா தூக்கிக்கிட்டு ஓடுனிங்க. அதையும் விட்டுருவோம். பதினாலு வருஷமா தேருக்கு முன்னாடி தேங்கா உடைக்கிற ஆளு, தேர் வந்து நின்னதும் பின்னாடி போய் பாத்திரம் கழுவுனிங்க. நானும் அதே ரோட்டுல, அதே தேரு வந்தப்ப, தள்ளிப் போய் நின்னேன். ஏன்னா எங்க வீட்ல சாவு. தீட்டு." அவர் குரலை உயர்த்தவில்லை. "உங்க வீட்ல செவ்வாய்க்கிழமை காலையில யார் செத்திருந்தாங்க, கோகுலன்?"

ஹைதரின் வாய் திறந்தபடி நின்றது.

"இந்த ஊர்ல உங்களுக்கு ரத்த சொந்தம்னு இருந்தது ஒரே ஒரு அண்ணன். அவர் செத்தது ஊருக்குத் தெரிஞ்சது வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமையே அது தெரிஞ்ச ஆள், அத செஞ்ச ஆளாத்தான் இருக்கணும். எல்லாத்தையும் அழகா செஞ்சிங்க. எப்பவும்போல ஏர்கோன ஓட விட்டுட்டு வந்திங்க. அண்ணன் பேர்ல கம்பெனிக்கு வேலய அனுப்புனிங்க. அண்ணி கதவத் தட்டுனப்ப, பந்தல்ல இருந்துகிட்டே போன்ல அண்ணனா பதில் எழுதுனிங்க. அண்ணன் புதன்கிழமை வரைக்கும் உயிரோட இருந்தாகணும், அப்பத்தானே நீங்க ஊரே பாக்கப் பந்தல்ல நிப்பிங்க. காவடியும் எடுத்திருந்தா உங்களத் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன். அத மட்டும் உங்களால செய்ய முடியல."

கோகுலன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி எடுப்பேன் மேடம்?" என்றான் கடைசியில். "உங்ககிட்ட பொய் சொல்லலாம். அண்ணிகிட்ட சொல்லலாம். அண்ணன அந்தக் குளிர்ல போட்டுட்டு, தீட்டோட போய் சாமி முன்னால நிக்க முடியுமா? அலகு குத்துனா என் நாக்கு அழுகிப் போயிடும்."

"கம்பெனி வேலய இத்தன நாளும் யார் செஞ்சது?"

"நான்தான். ஒன்றரை வருஷமா. வீடியோ கால்ல முகம் அண்ணனோடது, வேல எல்லாம் என்னோடது. அண்ணன் கணக்கெல்லாம் என் போன்லயும் தொறந்திருக்கும், மெசேஜுக்கும் பாதி நேரம் நான்தான் பதில் போடுவேன். லண்டன்ல இருக்கற மாதிரி அவனுக்கு லண்டன் சம்பளம். எனக்கு அதுல கொஞ்சம் கிள்ளிக் குடுப்பான். கேட்டா, 'நீ பினாங்குலதானடா இருக்க, பினாங்கு சம்பளம் போதும்லா'ம்பான்." கோகுலன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அவனும் பினாங்குலதான மேடம் இருந்தான்!"

"திங்கக்கிழமை என்ன நடந்தது?"

"வேலய விடப்போறேன்னான். அண்ணிகூட போகப்போறேன், போதும்னான். அப்ப நான்? என் பேர்ல எதுவுமே இல்லையே, ஒன்றரை வருஷமா நான் ஆளே இல்லையே! கத்துனேன். பிடிச்சுத் தள்ளிட்டேன். கொல்லணும்னு இல்ல மேடம், சத்தியமா இல்ல. பெட்டி அங்க இருந்துச்சு."

ஜெகதீஸ்வரி எழுந்துகொண்டார். சட்டத்துக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் பக்கத்து அறையில் காத்திருக்கும் பெண் கேட்டது அது இல்லை.

"திங்கக்கிழமை சாயங்காலம் அண்ணிக்கு ஒரு மெசேஜ் போயிருக்கு. உன்கூடவே வந்துடறேன்னு. அது யார் எழுதுனது? யோசிச்சுச் சொல்லுங்க. இதுல மட்டும் பொய் வேணாம்."

"அண்ணன்," என்றான் கோகுலன் உடனே. "என் கண்ணு முன்னாடிதான் எழுதுனான். எழுதி முடிச்சுட்டு எங்கிட்ட காட்டி சிரிச்சான். ரெண்டு வருஷத்துல அவன் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. அதுக்கப்புறம் வந்தது எல்லாம் நான் எழுதுனது."

பக்கத்து அறையில் துஷ்யந்தி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜெகதீஸ்வரி நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டுக்கொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தம்பி என்று கேட்டபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். புதன்கிழமை கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் நின்று எழுதவில்லை, அவர் அப்போது இறந்து இரண்டு நாள் என்று கேட்டபோது, கதவைத் தொட்ட தன் கையை மற்றக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை வந்தது மட்டும் அவர் எழுதுனதும்மா. சிரிச்சுக்கிட்டே எழுதுனாராம்."

துஷ்யந்தி அழவில்லை. ஹைதர் பாஸ்போர்ட் உறையை அவள் முன்னால் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டார். அவள் உறையைத் தொடாமல் கைப்பேசியை எடுத்தாள். லண்டனில் இன்னும் விடிந்திருக்காது. மணி வெகுநேரம் அடித்த பிறகு, தூக்கம் கலையாத ஒரு சின்னக் குரல் கேட்டது.

"அம்மாதான் குஞ்சு," என்றாள் துஷ்யந்தி. "அப்பாவைப் பற்றி உனக்கு ஒண்டு சொல்லவேணும். சித்தியை எழுப்பிப் பக்கத்தில வச்சுக்கொண்டு கேள்."

அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சித்தி வந்துவிட்டாள் என்று அந்தக் குரல் சொன்னதும், மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு பேசினாள்.

"அப்பா எங்களிட்ட வாறன் எண்டு சொன்னவர் குஞ்சு. அவர் கடைசியாச் சொன்னது அதுதான்."